கண்டவன் பெயர் இல்லாத கல்: கல்வெட்டுப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்வெட்டுகளையும் நடுகற்களையும் படியெடுத்துப் பதிப்பிக்கும் அலுவலர்களுக்கும், அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கும், ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும்:

சென்ற மாதம் எங்கள் ஊராட்சிக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் ஊர் ஏரிக்கரையில் நிற்கும் நடுகல்லின் மைப்படியை, அதாவது கல்லின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்த எழுத்துப் படியை, ஊர்ப் பிள்ளைகளுக்காக நாங்கள் அச்சிட இருக்கும் 32 பக்கச் சிறு நூலில் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டிருந்தோம். அதற்கு வந்த பதில் அது. படம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்த வேண்டும், அச்சிடும் படிகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், பதிப்புரிமை அலுவலகத்துக்கே உரியது என்று படத்தின் கீழ் குறிப்பிட வேண்டும், கல்வெட்டின் வாசகத்தை முழுமையாகவோ பகுதியாகவோ வெளியிடத் தனி அனுமதி பெற வேண்டும் என்று நான்கு நிபந்தனைகள் அதில் இருந்தன. ஊராட்சி மன்றத் தலைவர் கடிதத்தை என்னிடம் நீட்டி, "நம்ம கல்லுதானே சார்?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு அன்று நான் ஒழுங்கான விடை சொல்லவில்லை.

கடிதம் அனுப்பிய அலுவலகத்தின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. எழுதினால் இது ஓர் அலுவலகத்தின் குறை என்று சுருங்கிப்போகும்; அங்கே கோப்பைப் பார்த்த இளநிலை உதவியாளர் ஒருவர் விளக்கம் எழுதிக் கொடுப்பதோடு விஷயம் முடிந்துவிடும். நான் சொல்ல வந்தது உங்கள் துறையில் பலருக்கும் பழகிப்போன ஒரு வழக்கத்தைப் பற்றி.

31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையை ஒட்டிய சிற்றூர்களில் நடுகல் ஒரு பழம்பொருள் அன்று. அதற்கு வேடியப்பன் என்று பெயர். எண்ணெய் சாத்தி, மஞ்சளும் குங்குமமும் பூசி, பொங்கல் வைத்துக் கும்பிடும் சாமி அது. 2014-இல், பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் இருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஆடு மேய்க்கப் போன இடத்தில் பார்த்ததாக வந்து சொன்னான். ஏரிக்கரை வேடியப்பன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு வெயிலில் பெயர்ந்த இடத்தில், நண்டு ஊர்ந்த மாதிரி கோடுகள் தெரிகின்றன என்றான். அந்தக் கல்லை நான் இருபது ஆண்டுகளாகக் கடந்து போயிருக்கிறேன். ஒரு நாளும் கண்டதில்லை.

எண்ணெயைத் துடைப்பதற்கு, அந்தக் கல்லுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பூசை செய்துவரும் குடும்பத்து மூதாட்டியிடம் அனுமதி கேட்டோம். அமாவாசை கழியட்டும் என்றார், காத்திருந்தோம். எழுத்தின் மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் பார்த்த பாவத்தை முதல் நாள் நானும் செய்தேன். மாலைச் சாய்வெயிலிலும், இரவில் பக்கவாட்டில் பிடித்த டார்ச் வெளிச்சத்திலும் எழுத்து தானாகவே எழுந்து நிற்கும் என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். பதினொரு மாலைகள் உட்கார்ந்து படித்தோம். வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து, பல்லவ அரசன் ஒருவனின் ஆட்சியாண்டு, தொறு (ஆநிரை) மீட்டு உயிர்விட்ட ஒருவனின் பெயர். வட்டெழுத்தில் பகரமும் வகரமும் கண்ணை ஏமாற்றக்கூடியவை. வீரனின் பெயரில் இருந்த ஒரு பகரத்தை நான் வகரம் என்று படித்துவிட்டேன். அந்தப் பிழையோடு என் வாசிப்பை முழுத்தாளில் எழுதி, மாணவனின் பெயர், பூசைக் குடும்பத்தின் விவரம், கல் நிற்கும் இடத்தின் வரைபடம் எல்லாவற்றையும் இணைத்து உரிய இடத்துக்கு அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்துக் குழு ஒன்று வந்தது. தாளை நனைத்துக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, ஈரம் வற்றியதும் மை ஒற்றும் அந்த வேலையை ஊரே கூடி நின்று பார்த்தது. ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்தவன் அதே மாணவன்தான். வந்தவர்களுக்கு இரண்டு நாளும் சாப்பாடு போட்டது பூசைக் குடும்பம். மூதாட்டி தம் குடும்பக் கதையை அவர்களுக்குப் பொறுமையாகச் சொன்னார். அவர்கள் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார்கள். பதிவு எங்கே போகும், எதற்குப் பயன்படும் என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் ஆய்விதழில் கட்டுரை வந்தது. நடுகல் "எங்கள் குழு மேற்கொண்ட கள ஆய்வில் கண்டறியப்பட்டது" என்று அதில் இருந்தது. மாணவனின் பெயர் இல்லை. பள்ளியின் பெயர் இல்லை. பூசைக் குடும்பம் "உள்ளூர் மக்கள்" ஆகியிருந்தது. கல்வெட்டின் வாசகம் கட்டுரையாளர்கள் படித்ததாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அதில் வீரனின் பெயர் என் வகரத்தோடு அச்சாகியிருந்தது. ஒரு நல்ல மழைக்குப் பிறகு கல்லை மறுபடி பார்த்து, அது பகரம்தான் என்று தெளிந்து நான் அனுப்பிய திருத்தக் கடிதம் அவர்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை போலும். அவர்கள் எடுத்த மைப்படியிலேயே பகரம் பளிச்சென்று தெரிகிறது. அதைப் பார்த்துப் புதிதாகப் படித்திருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது. என் உழைப்பு அங்கே இருந்தது என்பதற்கு என் தவறுதான் இன்று சாட்சி.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. கல்லைப் பற்றி நாளிதழில் முதல் செய்தி வந்தபோது, "ஆசிரியர் கண்டுபிடிப்பு" என்று தலைப்பிட்டு என் படத்தைத்தான் போட்டார்கள். நிருபரிடம் பையனின் பெயரைச் சொன்னேன். ஆனால் அது விடுபட்டதும் திருத்தம் கேட்டு எழுதவில்லை. மறுநாள் அவன் அந்த நாளிதழை மடித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தான், ஒன்றும் சொல்லவில்லை. கட்டுரையில் என் பெயர் விடுபட்டபோதுதான் அவன் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

மூதாட்டிக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமையானது. வேடியப்பனுக்கு அவர்கள் குடும்பத்தில் ஒரு தனிப் பெயர் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை, பூசையின்போது, குடும்பத்தார் மட்டும் சொல்லி அழைக்கும் பெயர். கதையோடு கதையாக அதையும் அவர் சொல்லியிருக்கிறார். கட்டுரையில் அது தடித்த எழுத்தில், அதற்குச் சொற்பிறப்பு விளக்கமும் சேர்த்து அச்சாகியிருந்தது. பேரன் படித்துக் காட்டியதும் என்னிடம் வந்தார். "அந்தப் பேர நாங்களே வருசத்துக்கு ஒரு தரந்தான் சொல்லுவோம், வாத்தியாரே. அத எதுக்குப் புத்தகத்துல போட்டாங்க?" என்று கேட்டார். போட வேண்டிய பெயரைப் போடவில்லை. போடக் கூடாத பெயரைப் போட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு பூசையில் அந்தப் பெயர் சொல்லப்படவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பெயரைக் குறிப்பது, அதுவும் நடுகல் விஷயத்தில், மேற்கத்திய ஆய்வு நெறி நமக்குக் கற்றுக்கொடுத்த புது மரியாதை அன்று. நடுகல் எடுப்பதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று அடுக்குகிறது. முதலில் நிற்பது காட்சி. தக்க கல்லைக் கண்டடைவது. கண்டடைதலும் ஒரு செயல், அதுவும் சடங்கில் இடம்பெறத் தக்க செயல் என்று கருதிய மரபு நம்முடையது. நடுகல்லைப் பாடும் அகநானூறு "பெயரும் பீடும் எழுதி" என்கிறது. பீட்டுக்கு, அதாவது பெருமைக்கு, முன்னால் பெயர் வருகிறது. எங்கள் பக்கத்தில் எடுத்தனூரில் கிடைத்த மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தி அதில் இருக்கிறது. ஒரு நாய் செய்த வேலைக்கும் அதன் பெயரைச் சொல்லிக் கல்லில் வெட்டியவர்கள் ஏழாம் நூற்றாண்டில் இந்த மண்ணில் இருந்தார்கள். அதைப் படித்து, பதிப்பித்து, கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டும் நாம், கல்லைக் கண்ட பையனின் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை.

அண்மைக் காலத்திலும் நல்ல முன்மாதிரி இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் தாம் பதிப்பித்த நூல்களின் முகவுரைகளில், எந்த ஏடு யாரிடமிருந்து எந்த ஊரில் கிடைத்தது என்பதைக் குறித்துவைத்தார். ஏடு கொடுத்தவரில் பலர் புலவர் அல்லர். வீட்டுப் பரணில் இருந்ததை எடுத்துக் கொடுத்தவர்கள். ஆயினும் அவர்கள் பெயர் இன்றுவரை நிற்கிறது. இதற்கு நேரெதிரான வழக்கமும் நம்மிடையே ஓடுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சிக்காக ஊர் ஊராக அலைந்து ஏடுகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டியவர்களில் முதன்மையானவர்கள் காவலி வெங்கட போரய்யாவும் அவருடைய தம்பி லட்சுமய்யாவும். 1821-இல் மெக்கன்சி இறந்த பிறகு பணியைத் தாமே தொடர்வதாக லட்சுமய்யா முன்வந்தபோது, கல்கத்தாவில் இருந்த ஆசியச் சங்கம் என்னும் ஆய்வுக் கழகம் அதை ஏற்கவில்லை. திரட்டு இன்றும் மெக்கன்சி சுவடிகள் என்றே வழங்குகிறது. ஆட்சி மாறிய பின்னும் அந்தப் பழக்கம் மாறவில்லை என்பதுதான் எங்கள் ஏரிக்கரையில் நான் கண்டது. முன்பு லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் முன்னால் நாம் "உள்ளூர் மக்கள்" ஆக இருந்தோம். இன்று தலைநகரங்களின் முன்னால் சிற்றூர்கள் அப்படி இருக்கின்றன.

இனி பதிப்புரிமைக்கு வருகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். ஆயினும் உங்கள் கடிதம் சட்டத்தின் குரலில் பேசுவதால் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட வாசகத்துக்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் உரிமையாளர் என்று யாரும் இருக்க முடியாது. ஒருவர் படைப்புக்கு அவர் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு. அரசு வெளியீடு என்றால் வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் நிலையாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுப்பதும் அதை வெளியிடுவதும் உரிமை மீறல் ஆகாது என்று அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியானால் உங்கள் உரிமைக் கோரிக்கை மைப்படியின் மேல்தான் நிற்க வேண்டும். 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், உழைப்பும் செலவும் மட்டும் ஒன்றைப் பதிப்புரிமைக்கு உரிய படைப்பு ஆக்கிவிடாது, குறைந்த அளவிலேனும் படைப்புத்திறன் அதில் இருக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. மைப்படி எடுப்பவரின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் தட்டும் கையின் பக்குவம் எளிதில் வராது. ஆனால் அந்தத் திறமையின் நோக்கமே, கல்லில் உள்ளதைத் தவிர வேறு எதுவும் தாளில் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான். தம் கற்பனையைத் தாளில் காட்டினால் அவர் எடுத்தது மைப்படியே அன்று. கல்வெட்டுக்கு நீங்கள் எழுதும் விளக்கம், முன்னுரை, காலக் கணிப்பு ஆகியவை உங்கள் அறிவின் விளைவு. அவற்றின் மேல் உங்களுக்கு உரிமை உண்டு, அதை ஊர் கேட்கவில்லை.

உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் சில இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டுவிட்டன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில், பதிப்புரிமைக் காலம் கடந்த தன் சேகரிப்புப் பொருள்களின் படங்கள் 3,75,000-ஐக் கட்டணமும் நிபந்தனையும் இன்றி எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. பதிப்புரிமை கடந்த காட்சிக்கலைப் படைப்பை உள்ளபடியே படியெடுத்ததற்குப் புதிய உரிமை பிறக்காது என்று 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு விதி செய்தது. விளைவு வேடிக்கையானது. அமெரிக்காவில் இருக்கும் சோழர் காலத்துப் பார்வதியின் படத்தை எங்கள் சிறு நூலின் அட்டையில் போட எனக்கு எவர் அனுமதியும் தேவையில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் நிற்கும் வேடியப்பனின் மைப்படியைப் போடக் காசோலை எடுக்க வேண்டும்.

பழம்பொருள் சட்டங்களே கூட, கண்டெடுத்தவரை நீங்கள் மறந்ததுபோல மறந்துவிடவில்லை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டளையிட்டதோடு, கண்டவருக்கும் நிலத்துக்காரருக்கும் உரிய பங்கையும் வகுத்தது. வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டத்தில் ஒரு கூலியாள் கண்டெடுத்தவராக இடம்பெற முடிகிறது. நம் ஆய்விதழின் அடிக்குறிப்பில் முடியவில்லை. பத்தூர் நடராசர் வழக்கை எண்ணிப் பாருங்கள். 1976-இல் ஒரு தொழிலாளி மண் தோண்டும்போது வெளிப்பட்டு, கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்த அந்தத் திருமேனிக்காக நடந்த வழக்கில், 1991-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், இடிந்து கிடந்த ஒரு சிற்றூர்க் கோவிலுக்கு வழக்காடும் தகுதி உண்டு என்று ஏற்றது. அந்தத் தீர்ப்பை நாம் எல்லோரும் கொண்டாடினோம். வெளிநாட்டு நீதிமன்றத்தில் ஊர்க் கோவிலின் உரிமையை முழங்கிவிட்டு, உள்நாட்டு அலுவலகத்தில் ஊரை மனுதாரராக வரிசையில் நிறுத்துவது எந்த வகையில் பொருந்தும்? மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட காப்புரிமையை எதிர்த்து, அது எங்கள் பாட்டிமார் அறிவு என்று வாதாடி 1997-இல் நீக்க வைத்தது இந்த நாடு. பாட்டிமார் அறிவுக்கு நாட்டு எல்லையில் கிடைத்த மதிப்பு ஊர் எல்லையிலும் கிடைக்க வேண்டும்.

படங்களைப் பூட்டி வைப்பதால் பொருள்கள் பாதுகாப்பாக இருக்கும் என்று உங்களில் சிலர் உண்மையாகவே நம்புகிறீர்கள். நேரில் என்னிடம் சொன்னவர்களும் உண்டு. அந்த அச்சத்தை நான் லேசாகத் தள்ளவில்லை. அந்தக் கட்டுரையில் கல் நிற்கும் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் துல்லியமாக அச்சிடப்பட்டிருந்தன. மறு ஆண்டு, அதே கட்டுரையில் ஒரு வரியில் சொல்லப்பட்டிருந்த ஓடையோரச் சிறு கல் ஒன்று காணாமல் போனது. கட்டுரைதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் காணாமல் போனதைக் காவல் நிலையத்தில் சொல்லப் போனபோது எங்கள் கையில் அந்தக் கல்லின் படம் ஒன்றுகூட இல்லை. படம் இருந்தது ஓர் அலுவலக அலமாரியில். அதைப் பெற விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு.

இதற்கு எதிரான பாடத்தை அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் சொல்கிறது. அங்குள்ள கோவிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அது இந்த ஊர்க் கோவிலுக்கு உரியது என்று காட்ட உதவியவை, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன் அந்தக் கோவிலிலேயே எடுத்துவைத்திருந்த படங்கள். 2014 செப்டம்பரில் சிலை நாடு திரும்பியது. ஆகவே நீங்கள் மறைத்து வைத்திருப்பதும் திறந்து வைத்திருப்பதும் தலைகீழாக இருக்கின்றன. மறைக்க வேண்டியது, காவலில்லாத கல் எந்த மூலையில் நிற்கிறது என்ற விவரம். குடும்பம் மறைவாக வைத்திருக்கும் பெயர். திறக்க வேண்டியது படமும் வாசகமும்.

தாமதத்தைப் பற்றியும் ஒரு சொல். கண்டதை வெளியிடாமல் வைத்திருப்பதும் ஒருவகை உரிமைக் கோரிக்கைதான். ஆதிச்சநல்லூரில் 2004-லும் 2005-லும் நடந்த அகழாய்வின் அறிக்கைக்காகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. கீழடியின் முதல் இரு கட்ட அகழாய்வு குறித்து 2023 ஜனவரியில் அளிக்கப்பட்ட 982 பக்க அறிக்கை, 2025 மே மாதத்தில் திருத்தங்கள் கோரித் திருப்பி அனுப்பப்பட்டது. தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளை மைசூரில் உள்ள இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவிலிருந்து சென்னைக்குக் கொண்டுவருமாறு சொல்ல 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே தலையிட வேண்டியிருந்தது. இவற்றின் அரசியலுக்குள் நான் போகவில்லை. குழியைத் தோண்டியவருக்கும் மையை ஒற்றியவருக்கும் முதலில் எழுதும் வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்பதும் நியாயம்தான். ஆனால் அந்த வாய்ப்புக்குக் காலவரையறை இல்லை என்றால் அது வாய்ப்பாக இல்லாமல் பட்டா ஆகிவிடுகிறது.

உங்கள் தரப்பில் இன்னொரு நியாயமும் உண்டு. வாசகத்தைத் திறந்துவிட்டால் அரைகுறையாகப் படித்தவர்கள் அதை வைத்துத் தம் சாதிக்கு ஒரு பேரரசும் தம் ஊருக்கு ஐயாயிரம் ஆண்டும் கட்டிவிடுவார்கள் என்கிறீர்கள். கட்டுகிறார்கள், பார்த்திருக்கிறேன், என் பழைய மாணவர்களே கட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர்களை மறுக்க எனக்குத் தேவைப்படுவதும் மைப்படிதான். அது பூட்டியிருக்கும்வரை அவர்கள் சொல்வதும் வாய்ச்சொல், நான் மறுப்பதும் வாய்ச்சொல். எங்கள் கல்லின் பகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மைப்படி எல்லோரும் பார்க்கும்படி இருந்திருந்தால், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒருவரே அந்தப் பிழையைப் பிடித்திருப்பார். வீரன் இத்தனை ஆண்டுகள் தவறான பெயரில் ஆய்விதழில் நின்றிருக்க மாட்டான்.

எனவே உங்களிடம் கேட்பவற்றைத் தெளிவாக எழுதுகிறேன். இனி வெளிவரும் ஒவ்வொரு கல்வெட்டுப் பதிப்பிலும், அகழாய்வு அறிக்கையிலும், அருங்காட்சியகப் பெயர்ப்பலகையிலும், பொருளை முதலில் கண்டவர் யார், காத்து வந்தவர் யார், முதலில் படித்தவர் யார் என்பதை, அவர்கள் சம்மதத்தோடு, சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதத்தோடு, பெயர் சொல்லிக் குறியுங்கள். நன்றியுரையின் கடைசி வரியில் அன்று. கண்டுபிடிப்பைச் சொல்லும் இடத்திலேயே. ஆய்விதழ் ஆசிரியர்கள் ஒவ்வொரு கட்டுரையாளரிடமும் இந்த விவரத்தை எழுத்தில் கேட்டுப் பெறட்டும். இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்பட்டும். கல்வெட்டு மைப்படிகளின் மேலும், அவற்றின் மின்படிகளின் மேலும், இப்போது தனியார் நிறுவனங்களைக் கொண்டு எடுக்கப்படும் முப்பரிமாணப் பதிவுகளின் மேலும் பதிப்புரிமை கோருவதைக் கைவிடுங்கள். தாள், அச்சு, தபால் ஆகியவற்றின் செலவை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். படியெடுத்த ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு படி அந்த ஊராட்சிக்கும் ஒரு படி அவ்வூர்ப் பள்ளிக்கும் கேட்காமலேயே வந்து சேர வேண்டும். வாசகம் இரண்டு ஆண்டுகளுக்குள்ளும் அகழாய்வு அறிக்கை ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் வெளிவராவிட்டால், மூலப் படங்களும் பதிவேடுகளும் எல்லோரும் பார்க்கும்படி திறக்கப்பட வேண்டும்.

வழிபாட்டில் இருக்கும் கல்லைத் தொடுவதற்கு முன், பூசைக் குடும்பத்திடமும் கிராம சபையிலும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று தமிழில் விளக்கி, எழுத்தில் சம்மதம் பெறுங்கள். அவர்கள் வெளியிட வேண்டாம் என்று சொல்லும் பெயரையும் சடங்கையும் வெளியிடாதீர்கள். காவலில்லாத கற்களின் துல்லியமான இருப்பிடத்தை அச்சில் தவிர்த்து, அந்த விவரத்தையும் படத்தையும் காவல் நிலையத்திலும் ஊராட்சியிலும் ஒப்படையுங்கள்.

எங்கள் கல்லைப் பொறுத்தவரை நான்கு கோரிக்கைகள். கட்டுரை வெளியான ஆய்விதழ் அடுத்த இதழிலேயே ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டும். அதில் மாணவனின் பெயரும், அவன் படித்த பள்ளியின் பெயரும், வீரனின் பெயரில் உள்ள பகரமும் இடம்பெற வேண்டும். அவன் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். கேட்டேன், பெயரைப் போட அவனுக்குச் சம்மதம். மின்படியாகச் சுற்றிவரும் கட்டுரையிலிருந்து பூசைப் பெயரையும் அதன் விளக்கத்தையும் நீக்க வேண்டும். மூதாட்டியிடம் யாராவது ஒருவர் நேரில் வந்து, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நடந்ததற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும். நான்காவது கோரிக்கை அந்தக் கடிதத்தைப் பற்றியது: அதன் நான்கு நிபந்தனைகளையும் திரும்பப் பெற்று, மைப்படியின் தெளிவான மின்படி ஒன்றைத் தை பிறப்பதற்குள் ஊராட்சிக்கு அனுப்பிவைக்க வேண்டும். சிறு நூல் காணும் பொங்கலன்று வெளியாகிறது. மைப்படி வந்தால் ஒன்பதாம் பக்கத்தில் போடுவோம். வராவிட்டால் அந்தப் பக்கத்தை வெற்றிடமாக விட்டு, ஏன் வெற்றிடம் என்பதை அடியில் இரண்டு வரியில் அச்சிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தென்பெண்ணைக் கரையிலிருந்து